ஏலத்துக்குப் போற மருமகனுக்கு

மருமகனே, நீ டிரெய்லர் ஏலம் எடுக்கப் போறதா உங்கம்மா சொல்லிவிட்டா. "அண்ணே, அவனுக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்புங்க"ன்னா. நீ கேக்கல, அவதான் கேட்டா. உனக்குத் தெரியாதது இந்த வட்டாரத்துலயே ஒண்ணும் கிடையாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் தங்கச்சி சொல்லைத் தட்ட முடியாமச் சொல்றேன். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுரு. நடுவுல இடம் காலியாத்தானே கிடக்கு, தங்குதடை இல்லாமப் போயிரும்.

விசயம் எனக்குப் புரிஞ்சிருச்சு. மேகாட்டுல நாலு ஏக்கர் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கு. உங்க தாத்தா காலத்துல அது கம்பும் பருத்தியும் வெளைஞ்ச காடு. உங்கப்பா காலத்துல தரிசு. உங்காலத்துல முள்ளுக்காடு. தலைமுறைக்குத் தலைமுறை உழைப்பைக் குறைச்சுக்கிட்டே வந்திருக்கீங்க, அதுக்கும் ஒரு திறமை வேணும். அந்த முள்ளு அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1877-ல வெள்ளைக்காரன் ஆட்சியில இந்தியாவுக்குள்ள வந்தது. 2017-ல ஐகோர்ட்டு மதுரைக் கிளையே வெட்டி எடுக்கச் சொல்லிப் பாத்துச்சு. கோர்ட்டு உத்தரவுக்கே அசையாத முள்ளு உன் அருவாளுக்கு அசையும்னு நெனைக்கிறே. நெனை. விவசாயிக்கு நம்பிக்கைதான முதலீடு.

வெட்டின விறகைக் கரிமூட்டத்துக்குப் போடலாம், செங்கச்சூளைக்குப் போடலாம், விறகை எரிச்சுக் கரண்டு எடுக்கிற ஆலைக்குப் போடலாம். ஏத்திக்கிட்டுப் போக டிரெய்லர் வேணும். புதுசு வாங்கக் காசில்ல, வாடகை குடுக்க மனசில்ல. அதனால ஏலம். இதுவரைக்கும் உன் புத்தி நேராத்தான் ஓடியிருக்கு. இதுக்கு மேலதான் பள்ளம்.

ஒண்ணு யோசிச்சியா? அந்த டிரெய்லர் எதுக்கு ஏலத்துக்கு வருது? அரசாங்க ஆபீசுல ஒரு வண்டி ஓடுற வரைக்கும் விக்க மாட்டாங்க. ஓடாமப் போனாலும் சட்டுன்னு விக்க மாட்டாங்க. ரிப்பேருக்கு எழுதுவாங்க, திரும்பி வரும். மறுபடி எழுதுவாங்க. அரசு தானியங்கிப் பணிமனை என்ஜினியர் வந்து பாத்து, இனி இது உதவாதுன்னு எழுதிக் குடுக்கணும். ஆரம்ப விலை குறிக்கணும். மேலிடத்து உத்தரவு வரணும். அப்புறம் ஏல அறிவிப்பு. அத்தனை காகிதமும் நகர்ற வரைக்கும் டிரெய்லர் எங்க நிக்கும்? ஆபீசுக்குப் பின்னால வேப்பமரத்தடியில. மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, பெட்டிக்குள்ள ஆவாரஞ்செடி மொளைச்சு, ரெண்டு நாய் குட்டி போட்டு வளத்துக் கரையேத்தின பிறகுதான் உனக்கு ஏல நோட்டீசு வருது. "உதவாது"ன்னு ஒரு என்ஜினியர் கையெழுத்துப் போட்ட பொருளை "உதவும்"னு நீ கைதூக்கப் போறே. அவருக்கு எந்தக் காலேஜோ பாவம், உனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாமப் போச்சு.

இன்னொரு சங்கதி. வண்டியோட வயசை முதல்ல கேளு. 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஒரு சட்டம் நடைமுறையில இருக்கு. 15 வருசம் தாண்டின அரசாங்க வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க முடியாது. மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, எல்லாருக்கும் அதேதான். அந்த வண்டி அங்கீகாரம் வாங்கின உடைப்புக் கூடத்துக்குத்தான் போகணும். ஆகவே 15 வருசம் தாண்டினதை உன் தலையில எவனாவது கட்ட வந்தா, அது டிரெய்லர் இல்ல, பழைய இரும்பு. ரோட்டுல ஏத்த முடியாது. சரி, 15 வருசத்துக்கு உட்பட்டதா? அப்பக் கேள்வி வேற. இத்தனை சின்ன வயசுல அதைக் கொன்னது யாரு? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் டீக்கடையை விட்டு எந்திரிக்காத. பதில் டீக்கடையிலதான் கிடைக்கும். அதை ஓட்டின பழைய டிரைவரு அங்கதான் உக்காந்திருப்பாரு. அவருக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடு. எந்தச் சக்கரம் எந்தப் பாலத்துல இறங்குச்சு, எந்த வருசம் அச்சு வளைஞ்சுச்சு, எல்லாம் வரும். நீ செலவழிக்கிறதுலயே லாபமான செலவு அந்த வடைதான்.

டிரெய்லருக்கும் பூர்வீகம் உண்டு மருமகனே. அதைக் கேக்காம வாங்கக் கூடாது.

பேரூராட்சி டிரெய்லர்னா குப்பை அள்ளினது. நனைஞ்ச குப்பையில இருந்து வடியிற தண்ணி தகட்டைத் தின்னுரும். மேல பாத்தா தெரியாது. ஏலத்துக்கு முந்துன வாரம் பச்சைப் பெயிண்ட் வேற பூசியிருந்தா இன்னும் தெரியாது. புதுப் பெயிண்ட்டைப் பாத்தா உனக்குச் சந்தோசம் வரும், எனக்குச் சந்தேகம் வரும். ஒரு சின்னச் சுத்தியலை இடுப்புல சொருகிக்கிட்டுப் போ. அடியில படுத்து, தகட்டையும் குறுக்குச் சட்டங்களையும் ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் தட்டு. ணங்குன்னா இரும்பு. தொப்புன்னா துரு. சுத்தியல் உள்ள போயிருச்சுன்னா நீ வெளிய வந்திரு. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஏலத்துக்கு வந்தவன் அடியில படுக்க மாட்டான். அதனால அழுக்குச் சட்டையோட போ. உனக்கு அது சிரமமும் இல்ல.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல ஓடின டிரெய்லர் சல்லிசா வரும். வரத்தான் செய்யும். குஜராத்துக்கு அடுத்தபடியா நாட்டுலயே நாமதான் அதிகம் உப்பு வெளைய வைக்கிறோம், அதுல பெரும்பங்கு தூத்துக்குடி. அந்தப் பெருமையெல்லாம் அந்த டிரெய்லரோட ஸ்பிரிங் பட்டைக்கு நடுவுல உக்காந்திருக்கும். உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து இரும்புக்கு ஊட்டும். நீ வாங்கி வந்து கழுவினாலும் பட்டைக்கு இடையில புகுந்தது போகாது. ஒரு நாள் ராத்திரி நடுரோட்டுல "டக்"குன்னு ஒரு சத்தம் கேக்கும். அப்ப என்னை நெனச்சுக்கோ. போன் பண்ணாத, நெனச்சுக்கிட்டாப் போதும்.

கரும்பு ஏத்தின டிரெய்லருக்கு வேற நோய். கரும்பை எந்த மகராசனும் அளவாய் ஏத்த மாட்டான். பெட்டியைத் தாண்டி, வானத்தைத் தொட ஏத்துவான். அந்தப் பாரமெல்லாம் முன்னால நீட்டிக்கிட்டிருக்கிற இழுவைச் சட்டத்துலயும் அதோட வெல்டிங்கிலயும் போய் இறங்கும். அங்க மயிரிழை கணக்கா வெடிப்பு ஓடும். மேல ஒட்டுத்தகடு வச்சு வெல்டிங் அடிச்சிருந்தா, ஒண்ணு இருந்தா மன்னிச்சிரு. ரெண்டு இருந்தா யோசி. மூணு இருந்தா அது டிரெய்லர் இல்ல, வெல்டிங் கடைக்காரர் வருமானம்.

பைனான்சு ஜப்தி பண்ணின டிரெய்லர்னா இரும்பு நல்லா இருக்கும், காகிதம் நல்லா இருக்காது. பதிவுப் புத்தகத்துல கடன் குடுத்தவன் பேரு இன்னும் இருக்கும். அதை நீக்குறதுக்குப் படிவம் 35-ல கடன் குடுத்தவன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாகணும். அது கைக்கு வராம பணம் முழுசையும் கட்டினேன்னா, கடன் வாங்கினவனை விட உன் நிலைமை கேவலம். அவனாவது கடன் வாங்கித் தின்னான்.

இனி அங்கம் அங்கமாப் பாக்கிற வேலை. மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்காம கயித்தை வாங்குவியா? டயருக்கும் பல்லு உண்டு. ஓரத்துல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருசம். 2316-ன்னு இருந்தா 2016-ம் வருசம் 23-வது வாரத்துல பிறந்தது. பட்டன் முழுசா இருக்கு, ஓடவே இல்லன்னு ஒருத்தன் காட்டுவான். நின்ன டயரு ஓடின டயரை விட மோசம். பக்கவாட்டுல வெயில் தின்னு வெடிச்சிருக்கும். போதாததுக்கு நீ ஏத்தப் போறது சீமைக்கருவேல். அந்த முள்ளு புது டயரையே கேள்வி கேக்கும். உன் டயரைக் கேள்வி கேக்காது, நேரா டியூபுக்குள்ள போயிரும். அதனால ரெண்டு டயரும் மாத்துற செலவை முதல்லயே கணக்குல எழுது. ஸ்டெப்னி இருக்கான்னு கேளு. இருக்குன்னுவாங்க. எடுத்துக் காட்டச் சொல்லு.

அடுத்து ஜாக்கி. "அண்ணே, ஜாக்கி வச்சுப் பாக்கலாமா"ன்னு கேளு. சரின்னா தூக்கு. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆட்டம் இருந்தா பேரிங் போச்சு. சுத்திவிட்டுக் காதை வை. கரகரன்னா அதுவும் பேரிங்தான். பேரிங் பெரிய செலவில்ல. பேரிங் போனது தெரியாம ஓட்டி ஹப்பும் அச்சும் தின்னு கிடந்தா, அதுதான் செலவு. அச்சு வளைஞ்சிருக்கான்னு பாக்க ஒரு கயிறு போதும். முன்னால பின் மாட்டுற வளையத்துல இருந்து இடது சக்கர நடுவுக்கு ஒரு அளவு, வலது சக்கர நடுவுக்கு ஒரு அளவு. ரெண்டும் ஒண்ணா வரணும். வரலன்னா வண்டி நேராப் போகாது, ஒருக்களிச்சுத்தான் வரும். டயரும் ஒரு பக்கமாத் தேயும். பின் மாட்டுற வளையத்தோட ஓட்டையையும் பாரு. வட்டமா இருக்க வேண்டியது முட்டையாத் தேய்ஞ்சு போயிருந்தா, ஒவ்வொரு பிரேக்குக்கும் டிரெய்லர் உன் முதுகுல ஒரு இடி இடிக்கும். உங்கம்மா அடிக்காம விட்டதையெல்லாம் அது அடிச்சுத் தீர்க்கும்.

ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமா? நாலு சக்கர டிரெய்லர் பாரத்தைத் தானே தாங்கும், டிராக்டர் மேல ஏத்தாது. ஆனா முன் சக்கரம் தனியாத் திரும்புறதால ரிவர்ஸ் எடுக்கிறது பெரிய வித்தை. உன் டிரைவிங்கை ஊரே பாத்திருக்கு, நான் அதைப் பத்திப் பேச மாட்டேன். ரெண்டு சக்கரத்துக்கே வா. ஆனா அதுல பாரம் வைக்கிற முறை ஒண்ணு உண்டு. பின்னால அதிகம் ஏத்தினா முன் கொக்கி மேல கிளம்பும், டிராக்டர் பின் டயருக்குப் பிடிப்பு போகும். முன்னால அதிகம் ஏத்தினா கண்மாய்க்கரை ஏத்தத்துல டிராக்டரோட முன்சக்கரம் வானம் பாக்கும். அச்சுக்கு முன்னால கொஞ்சம் கூடுதலா, மிச்சம் சமமா. இது எந்த ஏல நோட்டீசுலயும் போட்டிருக்காது.

பாரம்னதும் நினைவு வருது. எவ்வளவு விறகு ஏத்தப் போறே? "பெட்டி நிறைய"ன்னு சொல்லுவே. பெட்டி நீளம் 10 அடி, அகலம் 6 அடி, உயரம் 2 அடின்னு வச்சிக்கோ. 120 கன அடி. சீமைக்கருவேல் கொம்பு ஒண்ணு கூட நேரா இருக்காது. அடுக்கினா பாதிக்குக் கிட்ட காத்துதான். அப்படியும் பச்சை விறகு தண்ணி கோத்த பாரம். வாய் மட்டத்துக்கு அடுக்கினாலே ஒண்ணரையில இருந்து ரெண்டு டன் வரும். நீ அதோட விடுவியா? நாலு பக்கமும் கம்பு நட்டு, பெட்டி உயரத்துக்கு மேல இன்னொரு பெட்டி உயரம் ஏத்துவே. நாலு டன்னு. உன் 35 குதிரை டிராக்டரோட எடையே ரெண்டு டன்னுக்கு உள்ளதான். இழுக்கும், ஏன் இழுக்காது? இழுக்கிறதுல யாருக்கும் சந்தேகமில்ல. நிறுத்துறதுலதான் சந்தேகம். ரயில்வே மேம்பாலத்துல இறங்கும்போது நீ டிரெய்லரை இழுத்துக்கிட்டுப் போறியா, டிரெய்லர் உன்னைத் தள்ளிக்கிட்டுப் போகுதான்னு கீழ நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். டிரெய்லர்ல பிரேக் இருக்கான்னு பாரு. வேலை செய்யுதான்னும் பாரு. இது ரெண்டும் ரெண்டு கேள்வி.

விறகை வெட்டிக் காட்டுலயே காயப் போட்டு ஏத்து. தண்ணி ஆவியாப் போகட்டும். அதை டீசல் ஊத்திச் சுமக்கிறதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? எடைமேடையில காசு குறையும்னு பச்சையாவே ஏத்துற ஆளுகளும் உண்டு. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன். வாங்குறவன் நம்மளை விட விவரம். விறகை ஒடிச்சுப் பாத்து ஈரத்துக்குன்னு கழிச்சிட்டுத்தான் காசு குடுப்பான்.

இனி ஏலம். இப்ப நிறைய ஏலம் கம்ப்யூட்டர்லதான் நடக்குது. எம்.எஸ்.டி.சி.-ன்னு மத்திய அரசுக் கம்பெனி ஒண்ணு. 1964-ல பழைய இரும்பு ஏற்றுமதியை ஒழுங்குபடுத்த ஆரம்பிச்சது, இப்ப மின்-ஏலம் நடத்துது. கட்டில்ல படுத்துக்கிட்டே விலை கேக்கலாம். உனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா போட்டோவுல எல்லா டிரெய்லரும் மாப்பிள்ளை முறுக்கோடதான் நிக்கும். நேர்ல போய்ப் பாக்கிறதுக்குன்னு தேதி குறிச்சிருப்பாங்க. அந்தத் தேதியில போகாதவன் விலை கேக்கவே கூடாது. ஏன்னா எல்லா நோட்டீசுலயும் ஒரு வரி இருக்கும்: இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில். அதுக்கு அர்த்தம், கையில வாங்கினப்புறம் வாயைத் திறக்காதே. ஏலத்துல ஜெயிச்ச பிறகு ஒரு சக்கரம் குறையுதுன்னு நீ சொன்னா, அந்த வரியைக் காட்டுவாங்க. படிக்கத் தெரிஞ்சவன்தான, படி.

முன்வைப்புத் தொகை கட்டணும். ஏலத் தொகைக்கு மேல ஜிஎஸ்டி தனி. குறிச்ச நாளுக்குள்ள மிச்சப் பணம் கட்டலன்னா முன்வைப்பு போச்சு. பணம் கட்டிட்டு குறிச்ச நாளுக்குள்ள எடுத்துட்டுப் போகலன்னா, நின்ன இடத்துக்கு வாடகை கேக்கிற இடமும் உண்டு. டயர் இறங்கின டிரெய்லரை எதுல ஏத்திக்கிட்டு வருவே? இன்னொரு டிரெய்லர்லயா?

நேர்ல நடக்கிற ஏலம்னா, மைதானத்துல யார் யார் நிக்கிறாங்கன்னு பாரு. பழைய இரும்பு வியாபாரிங்க நாலு பேரு ஒண்ணா நிப்பாங்க. தனித்தனியா விலை கேப்பாங்க, ஒண்ணாச் சிரிப்பாங்க. அவங்களை நீ எதிரின்னு நெனைக்காத. அவங்கதான் உனக்குச் சம்பளமில்லாத வாத்தியாரு. பாத்த பார்வையிலயே இத்தனை கிலோ இரும்புன்னு சொல்லிருவாங்க, அதுக்கு மேல ஒரு பைசா கேக்க மாட்டாங்க. அவங்க வாயை மூடுற இடம் வரைக்கும் உள்ள விலை இரும்புக்கு. அதுக்கு மேல நீ கேக்கிற ஒவ்வொரு ரூபாயும் "இது ஓடும்"ங்கிற உன் நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு குடுக்கலாம்னு வீட்டுலயே ஒரு சீட்டுல எழுதிட்டுப் போ. உங்கம்மாகிட்ட அந்தச் சீட்டைக் குடு. பொண்டாட்டிகிட்டக் குடுக்காத, அவ உன்னை நம்புறவ.

என் பேத்தி மதுரையில பொருளாதாரம் படிக்கா. அவ ஒண்ணு சொன்னா. அமெரிக்காவுல, மெக்சிகோ வளைகுடாவுல கடலுக்கடியில எண்ணெய் எடுக்க கம்பெனிங்க ஏலம் எடுத்துச்சாம். எடுத்தவங்கள்ல நிறையப் பேருக்கு நெனச்ச லாபம் வரல. ஏன்னு 1971-ல எண்ணெய்க் கம்பெனி என்ஜினியருங்க மூணு பேரு எழுதி வச்சாங்களாம். அடியில எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மதிப்புப் போடுவான். அதுல யாருக்கு ஏலம் விழும்? எல்லாரை விடவும் கூடுதலா மதிப்புப் போட்டவனுக்கு. அதாவது, எல்லாரை விடவும் அதிகமாக் கணக்குத் தப்பினவனுக்கு. ஜெயிச்சதே தப்புக்கு அத்தாட்சி. பேத்தி இதைச் சொன்னதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. மைதானத்துல அத்தனை பேரு, இரும்பு தெரிஞ்சவன், வண்டி தெரிஞ்சவன், அதை ஓட்டினவன், எல்லாரும் கையைக் கீழ போட்ட பிறகும் உன் கை மட்டும் மேல நிக்கிற நேரம் ஒண்ணு வரும். கைதட்டுவாங்க. அந்தக் கைதட்டலுக்குச் சிரிச்சிராத. எதுக்குத் தட்டுறாங்கன்னு யோசி.

ஜெயிச்சிட்டே. இனி காகிதம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், தனிப் பதிவுப் புத்தகம். டிராக்டர் புத்தகத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது. பொது ஏலத்துல எடுத்த வண்டிக்குப் பேர் மாத்த 1989-ம் வருச மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 57-வது விதி இருக்கு. வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள்ள படிவம் 32-ல ஆர்.டி.ஓ. ஆபீசுல எழுதிக் குடுக்கணும். கூடவே பதிவுப் புத்தகம், இன்சூரன்சு, ஏலம் உன் பேர்ல உறுதியானதுக்கு அதிகாரி கையெழுத்துப் போட்ட உத்தரவு, ஏலம் விட அரசாங்கம் அனுமதிச்ச உத்தரவு நகல். கடைசி ரெண்டையும் ஏலத்தன்னைக்கே கேட்டு வாங்கு. அந்த அதிகாரி அடுத்த மாசம் வேற ஊருக்கு மாறிப் போயிட்டா, அவர் கையெழுத்தைத் தேடி நீ ஊர் ஊரா அலையணும். தல யாத்திரை போன புண்ணியம் கூட அதுல கிடைக்காது.

உன் டிராக்டரு விவசாயப் பதிவு. உன் காட்டு வெள்ளாமையை ஏத்துறதுக்கு அது சரி. பக்கத்துக் காட்டுக்காரன் விறகைக் கூலிக்கு ஏத்தினா அது வாடகை வண்டி வேலை, அதுக்குப் பதிவும் வரியும் வேற. "யாரு பாக்கப் போறா"ன்னு சொல்லுவே. ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. விபத்து ஆனா எல்லாரும் பாப்பாங்க; இன்சூரன்சுக் கம்பெனி எல்லாரையும் விட நல்லாப் பாக்கும். விறகு மேல ஆள்களை உக்கார வச்சுக் கூட்டிட்டு வராத. டிரெய்லருக்குப் பின்னால சிவப்பு லைட்டும் ரிப்ளெக்டரும் இல்லாம ராத்திரி ரோட்டுல ஏறாத. இருட்டுல நிக்கிற விறகு வண்டிக்குப் பின்னால மோதுறவன் யாரோட பிள்ளையோ. இந்த ஒரு விசயத்துல மட்டும் நான் கேலி பேசல.

கண்மாய்க்குள்ள நிக்கிற முள்ளையும் சேத்து வெட்டிரலாம்னு ஒரு யோசனை ஓடுமே உனக்கு? ஓடும். அது பொதுச்சொத்து, அதுக்குத் தனியா ஏலம் விடுவாங்க. ஒரு ஏலத்துக்கே இவ்வளவு பேச்சு, ரெண்டாவது ஏலத்துக்கு என் உடம்பு தாங்காது.

கடைசியா கூட்டல் கணக்கு. நாலு ஏக்கர்ல ஏக்கருக்கு 10 டன் விறகுன்னு வச்சிக்கோ. 40 டன். லோடுக்கு 2 டன், 20 லோடு. ஏலத்துல 60,000 ரூபாய்க்கு எடுத்தேன்னு வச்சிக்கோ. வரி, டயர், தகடு, வெல்டிங், பேரிங், இழுத்துட்டு வந்த கூலி, பேர் மாத்தின செலவு, இன்சூரன்சு, இதெல்லாம் கூட்டு. ஒரு லட்சத்தைத் தொடும். 20 லோடால வகுத்தா லோடுக்கு 5,000, டீசல் இல்லாம, உன் கூலி இல்லாம. உன் கூலியை விடு, அதைச் சேத்தாலும் பெருசா மாறாது. வெட்டின முள்ளு திரும்பித் தழைஞ்சு வெட்டுக்கு வர மூணு நாலு வருசம் ஆகும். அதுவரைக்கும் டிரெய்லர் எங்க நிக்கும்? உன் வீட்டு வேப்பமரத்தடியில. ஆபீசு வேப்பமரத்துல இருந்து உன் வேப்பமரத்துக்கு இடம் மாறினதுதான் மிச்சம். அங்கயாவது அரசாங்கச் செலவுல துருப்பிடிச்சுது.

வருசம் பூராவும் எரு அடிக்க, மண் அடிக்க, நெல்லு ஏத்த, விறகு ஏத்தன்னு உனக்கு வேலை இருந்தா டிரெய்லர் வாங்கு. ஏலத்துல எடுத்தாலும் சரிதான். விறகுக்கு மட்டும்னா, வாடகை டிரெய்லரைக் கூப்பிட்டு 20 லோடையும் ஒரே மூச்சுல அடிச்சு முடி. இந்தக் கணக்கை ஏலம் முடிஞ்ச பிறகு எல்லாரும் போடுறாங்க. நீ மட்டும் முன்னாலயே போட்டுட்டுப் போ. சீட்டுல எழுதின தொகைக்கு மேல யாராவது கேட்டா, கும்பிட்டு வழிவிட்டுரு. டிரெய்லர் அவனுக்கு, பணம் உனக்கு.